கொசு ஒரு அத்தியாயத்தில், காய்ச்சல் இன்னொரு அத்தியாயத்தில்: சுஸ்ருதருக்கு மலேரியாவின் காரணம் தெரியுமா?

#1 செங்காந்தள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி போட்டிருக்கிறார். "ரொனால்ட் ராஸுக்கு 2000 வருடம் முன்பே மலேரியா கொசுவால் வருகிறது என்று சுஸ்ருதர் எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் திருடி நோபல் வாங்கிக்கொண்டான்" என்று. கீழே கும்பிடும் கை இருபது.

சண்டை போட விருப்பமில்லை, உண்மை தெரிந்தால் போதும். சுஸ்ருதர் பெயரில் உள்ள பழைய சமஸ்கிருத மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையின் மொழிபெயர்ப்பு ஒன்றைப் புரட்டினேன். கொசு வருவது கல்பஸ்தானத்தில், அதாவது விஷங்களைப் பற்றிய பகுதியில். காய்ச்சல் வருவது உத்தர தந்திரம் 39ஆம் அத்தியாயத்தில். இரண்டையும் சேர்க்கிற வரி எங்கே என்று தேடுகிறேன், கண்ணில் படவில்லை. மூலம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 ஏட்டுச்சுவடி

தேடாதீர்கள், அப்படி ஒரு வரி கிடையாது.

இருப்பது இதுதான். கல்பஸ்தானம் 8ஆம் அத்தியாயம் பூச்சிக் கடிகளுக்கானது. தேள், சிலந்தி, பூரான், ஈ, எறும்பு என்று நீளும் பட்டியலில் கொசுவும் ஒன்று. ஐந்து வகை சொல்கிறார்: சாமுத்ரம், பரிமண்டலம், ஹஸ்திமசகம், கிருஷ்ணம், பார்வதீயம். கடலோரத்தது, வட்டமானது, யானைக்கொசு, கறுப்பு, மலையில் இருப்பது. கடித்தால் கடும் அரிப்பும் கடிவாயில் வீக்கமும் வரும். மலைக்கொசு மட்டும் உயிர்வாங்கும் பூச்சிகளுக்கு நிகரான குறிகளைக் காட்டும். அவ்வளவுதான். முறைக்காய்ச்சல், அதாவது முறைவைத்து விட்டு விட்டு வரும் காய்ச்சல், என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை.

#3 மூலிகைத்தோட்டம்

ஏட்டுச்சுவடி ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். மலைக்கொசு கடித்தால் உயிருக்கு ஆபத்து என்று அவரே சொல்கிறார். கொசு கடித்து உயிர் போவது எதனால்? அரிப்பாலா போகும்? மலையடிவாரக் காய்ச்சல் என்று தனியாக ஒன்றை அதே நூலில் காய்ச்சல் அத்தியாயத்தில் பேசுகிறாரே, ஔபத்யகம் என்று! மலைக்கொசு, மலையடிவாரக் காய்ச்சல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? நான் சித்த வைத்தியன். எங்கள் நூல்களில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லமாட்டார்கள், குருமுகமாக வரவேண்டியது நிறைய உண்டு.

#4 லென்ஸ்

"உடைத்துச் சொல்லமாட்டார்கள்" என்ற ஒரு சாக்கு இருந்தால் எந்த நூலிலிருந்தும் எதையும் எடுக்கலாம்.

#5 ஏட்டுச்சுவடி

லென்ஸ், கொஞ்சம் பொறுமை. மூலிகைத்தோட்டம் கேட்டது நல்ல கேள்வி.

ஔபத்யகம் என்று மலையடிவாரத்தில் வரும் காய்ச்சலைச் சொல்வது உண்மைதான். அந்தக் கவனிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு அவர் காரணமும் சொல்லிவிட்டார்: பித்தம். ஔபத்யகக் காய்ச்சலும் மது குடிப்பதால் வரும் காய்ச்சலும் பித்தத்தால் வருபவை என்று ஒரே வரியில் சேர்த்தே சொல்கிறார். கொசு மனதில் இருந்திருந்தால் மதுவோடு சேர்த்திருப்பாரா? இணைப்புக் கண்ணியைப் போட வசதியான இடம் அது. அங்கே அவர் வேறு காரணம் சொல்லியிருக்கிறார்.

#6 பழைய ஸ்ப்ரேமேன்

நான் சமஸ்கிருதம் படிச்சவன் இல்ல. மலேரியா ஒழிப்புல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். டி.டி.டி. பம்பைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர் ஊரா போனவன், விரல் நுனியில குத்தி ரத்தத் தடவல் எடுத்தவன். அந்த அனுபவத்துல ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, மலையடிவாரம்ங்கிறது சும்மா சொன்னதில்ல. தெளிஞ்ச தண்ணி மெதுவா ஓடுற ஓடை இருக்குற இடத்துல அனோபிலிஸ் ஃப்ளுவியாட்டிலிஸ்னு மலேரியா பரப்புற ஒரு கொசு ஜாதி உண்டு. இமயமலை அடிவாரத் தராய்க் காடு அதுக்குப் பேர்போன இடம். வெளியூர்க்காரன் அங்க ராத்தங்கினா காய்ச்சலோடதான் திரும்புவான்னு ஒரு காலம் இருந்துச்சு. ரொனால்ட் ராஸே 1897-ல ஊட்டிக்கு லீவுல போய் சீகூர் மலைச்சரிவுல தேடப் போனப்ப காய்ச்சல் வாங்கிக்கிட்டார். அதுக்கு அப்புறம்தான் ஆகஸ்ட் 20 அன்னிக்கு செகந்திராபாத்ல கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்த சமாச்சாரம்.

ரெண்டு, கொசுவையும் காய்ச்சலையும் சேர்க்கிறது ஏன் கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. கடிச்ச அன்னிக்கு ஒண்ணும் ஆகாது. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் குளிர் எடுக்கும். அதுக்குள்ள நூறு கொசு கடிச்சிருக்கும், தண்ணி மாறியிருக்கும், ஊரும் மாறியிருக்கும். கடிபட்ட எல்லாருக்கும் காய்ச்சல் வர்றதில்ல. காலங்காலமா அங்கயே இருக்குற பெரியவங்களுக்குப் பாதி எதிர்ப்பு உண்டு, குழந்தைங்களும் புதுசா வந்தவங்களும்தான் விழுவாங்க. தேள் கொட்டினா அந்த நிமிஷமே கடுக்கும், அதனால தேளுக்கு விஷம்னு யாருக்கும் புரியும். கொசு அந்தக் கணக்குல வராது.

#7 செங்காந்தள்

நன்றி ஐயா. இப்படி ஒருவர் வந்து சொல்வார் என்றுதான் இழையே தொடங்கினேன்.

சரி, கொசு இல்லை. அவர்களுக்கு மலேரியாவே தெரியாதா? இல்லை, நோய் தெரிந்து காரணம் தெரியவில்லையா?

#8 ஏட்டுச்சுவடி

நோய் நன்றாகவே தெரியும். நோயைக் கவனித்ததில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை என்பது என் வருத்தம்.

முதலில் அதர்வ வேதம், ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமை. அதில் தக்மன் என்ற காய்ச்சலை விரட்டும் மந்திரங்கள் பல உண்டு. மந்திரம்தானே என்று தள்ளாமல் உள்ளே பாருங்கள். மறுநாளே திரும்ப வருவது, மூன்றாம் நாள் வருவது, குளிரோடு வருவது, சூட்டோடு வருவது, மழைக்காலத்தது, கோடையது, மழை முடிந்த சரத் காலத்தது, ஆளை மஞ்சளாக்குவது என்று பிரித்துப் பிரித்துக் கூப்பிடுகிறார்கள். 5ஆம் காண்டம் 22ஆம் சூக்தம் அந்தக் காய்ச்சலுக்கு முகவரியே கொடுக்கிறது: போ, மூஜவந்தரிடம் போ, பாஹ்லிகரிடம் போ, காந்தாரிகளிடமும் அங்கரிடமும் மகதரிடமும் போ என்று. இருமலை அதன் தங்கை என்கிறது. 7ஆம் காண்டத்தில் இன்னொரு மந்திரம் காய்ச்சலைத் தவளைக்குள் போகச் சொல்கிறது. எதிரி நாட்டாரையாவது திட்டலாம், தவளை என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றும்!

தக்மன் முழுக்க மலேரியாதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். பல காய்ச்சல்கள் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கும். ஆனால் நாள் விட்டு நாள் வருவதும் மழைக்குப் பின்னால் கூடுவதும் சேரும்போது, மலேரியாவும் அதற்குள் இருந்தது என்று சொல்லத் தயக்கமில்லை.

அடுத்தது சரகர், சுஸ்ருதரைப்போல இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியர். சிகிச்சாஸ்தானம் 3ஆம் அத்தியாயம் முழுக்கக் காய்ச்சல். அங்கே விஷமஜ்வரம் (விஷக் காய்ச்சல் அல்ல, ஒழுங்கில்லாமல் வரும் காய்ச்சல்) என்று ஒரு குடும்பம், அதில் ஐந்து. சந்ததம் விடாமல் ஏழு, பத்து, பன்னிரண்டு நாள் அடிப்பது. சததம் ஒரு பகலிரவில் இரண்டு முறை ஏறுவது. அன்யேத்யுஷ்கம் தினம் ஒருமுறை. திருதீயகம் ஒருநாள் விட்டு மறுநாள், சதுர்த்தகம் இரண்டு நாள் விட்டு மறுநாள். மலேரியாக் கிருமிகளில் வைவாக்ஸ் என்ற இனம் ரத்தச் சிவப்பணுவை உடைத்து வெளிவர 48 மணி நேரம், மலேரியே என்ற இனத்துக்கு 72 மணி நேரம். நாளை மட்டும் எண்ணிக்கொண்டு ஓலையில் எழுதியவர்கள் அந்த இரண்டு கடிகாரங்களையும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் மரபினரும் இதே மூன்றாம் நாள், நான்காம் நாள் கணக்கைத் தனியாகச் சொன்னார்கள். கவனித்தவனுக்கு எந்த ஊரிலும் அது தெரிந்திருக்கிறது.

சந்ததத்தில் டைபாய்டும் கலந்திருக்கும். அதை மலேரியாவில் சேர்க்கவேண்டாம்.

#9 லென்ஸ்

இது நல்ல பதிவு. ஐந்து வகையும் இவ்வளவு துல்லியம் என்று எனக்குத் தெரியாது, எங்கள் பாடத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் மட்டும்தான் வருவார்.

அந்தக் கடிகாரம் ஏன் அப்படி ஓடுகிறது என்று காரணம் சொன்னார்களா? கவனித்தார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். விளக்கம் எப்படி?

#10 ஏட்டுச்சுவடி

சொன்னார்கள். விளக்கம் தப்பு, ஆனால் சோம்பேறித்தனமான தப்பு இல்லை.

சுஸ்ருதர் சொல்வது: காய்ச்சல் விட்ட பிறகும் கொஞ்சம் தோஷம், அதாவது கெட்டுப்போன வாத பித்த கபம், உடம்பில் மிச்சம் இருக்கிறது. அது ஒரு பகலிரவுக்கு ஓரிடம் என்று நகர்ந்து இரைப்பைக்கு வந்து சேரும்போது காய்ச்சலைக் கிளப்புகிறது. மார்பில் தங்கியிருந்தால் வழி கிட்டம், தினமும் வரும். கழுத்தில் என்றால் ஒருநாள் கூடுதல், மூன்றாம் நாள் வரும். தலையில் தங்கினால் இன்னும் தூரம், அதனால் நான்காம் நாள். பயண தூரத்தை வைத்து நாள்கணக்குப் போடுகிறார்! அப்படியானால் நடுவில் காய்ச்சல் இல்லாத நாளில் தோஷம் எங்கே போயிற்று? அதற்குக் கடலைக் காட்டுகிறார். வேகம் வந்தால் அலைநீர் கரையை மூடுகிறது, வேகம் தணிந்தால் அதே நீர் கடலுக்குள்ளேயே ஒடுங்குகிறது, தோஷமும் அப்படியே என்கிறார்.

சிலர் இதைப் பூதம் பிடிப்பதால் வருவது என்கிறார்கள் என்றும் அதே அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. "சிலர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தச் "சிலர்" எனக்குப் பிடித்த இடம்.

#11 மூலிகைத்தோட்டம்

சரகர் சொன்ன விதை உவமையை விட்டுவிட்டீர்களே. மண்ணில் விதை கிடந்து காலம் வந்ததும் முளைப்பதுபோல், தோஷம் உடல் தாதுவில் கிடந்து தன் காலத்தில் கிளம்பும் என்கிறார். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு மறுபடி வருகிறதே, அது இதேதானே? அதைக் கண்டுபிடிக்க உங்கள் விஞ்ஞானத்துக்கு 1980கள் வரை ஆயிற்று.

#12 லென்ஸ்

ஐயா, உவமை அழகு, ஒத்துக்கொள்கிறேன். காய்ச்சல் நின்றாலும் நோய் போகவில்லை என்று அவர் புரிந்துகொண்டது சரியான அறிவு. ஆனால் அவர் விதை என்றது தோஷத்தை. வெளியிலிருந்து வந்து பெருகும் உயிரை அல்ல. வாதமும் பித்தமும் கபமும் எல்லார் உடம்பிலும் எப்போதும் இருப்பவை. மலேரியாக் கிருமி அப்படி இல்லையே. 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் ரத்தத்தில் அசையும் உயிரைப் பார்த்த பிறகுதான் "உள்ளே வேறொருவன் இருக்கிறான்" என்ற எண்ணமே நிலைத்தது.

அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ராஸுக்கு வழிகாட்டிய மருத்துவர் பாட்ரிக் மேன்சன் எவ்வளவு பெரிய ஆள். 1890களில், லாவரானின் கிருமியும் நல்ல நுண்ணோக்கியும் கையில் இருந்தும், கொசு தண்ணீரில் செத்து விழும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் மலேரியா வரும் என்றுதான் நினைத்தார். அவர் பேச்சைக் கேட்டு ராஸும் கொசு செத்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். கொசுவைச் சந்தேகித்த பிறகும் கடியைச் சந்தேகிக்க இவ்வளவு பாடு.

#13 வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் நுளம்பு என்றுதான் சொல்லுவம், குழம்ப வேண்டாம்.

இந்த வாட்ஸ்அப் கதைக்கு வயது நூற்றிச் சொச்சம், இது புதுசு இல்லை. 1905இல் இலங்கை ஆளுநராக இருந்த சர் ஹென்றி பிளேக், காய்ச்சலுக்கு நுளம்பே காரணம் என்ற கொள்கை பழைய நூல்களில் இருக்கிறது என்று கொழும்பில் மருத்துவர்கள் முன்னால் கட்டுரை வாசித்தவர். ராஸுக்கு நோபல் கிடைத்தது 1902, அந்தச் சூடு ஆறாத நேரம். சுஸ்ருதரின் நுளம்புப் பட்டியல்தான் அவருக்கும் கையில் இருந்த சாட்சி. அதைப் பார்த்து மறுத்தவர் ஜெர்மன் சமஸ்கிருத அறிஞர் ஜூலியஸ் யோலி. அவர் சொன்னதும் இங்கே ஏட்டுச்சுவடி சொன்னதும் ஒன்றுதான்: நுளம்புக்கடி விஷப் பகுதியில் இருக்கிறது, காய்ச்சலோடு சேர்க்கப்படவில்லை.

ஆக இந்தக் கதையைக் கிளப்பியதில் ஒரு வெள்ளைக்கார ஆளுநருக்கும் பங்கு உண்டு. "வெள்ளைக்காரன் மறைத்தான்" என்று அதை இப்ப அனுப்பிக்கொண்டு திரியினம்.

#14 செங்காந்தள்

@வல்லைவெளி இதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.

இன்னொரு கேள்வி. தோஷம் என்பது ஒருவர் உடம்புக்குள் நடப்பது. ஊரே ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழுந்தால் என்ன சொன்னார்கள்? எல்லாருக்கும் ஒரே நாளிலா பித்தம் ஏறும்?

#15 ஏட்டுச்சுவடி

இதே கேள்வியைச் சரகர் நூலில் வரும் அக்னிவேசன் என்ற சீடன் தன் ஆசிரியர் ஆத்ரேயரிடம் கேட்டுவிட்டான்.

சரகர் விமானஸ்தானம் 3ஆம் அத்தியாயம், ஜனபதோத்வம்சம், நாடு அழியும் கொள்ளைநோய் பற்றியது. பாஞ்சால நாட்டில் காம்பில்ய நகரம், கோடைக்காலம், கங்கைக் கரையில் ஆத்ரேய புனர்வசு சீடர்களோடு நடந்துகொண்டிருக்கிறார். அறிகுறிகள் சரியில்லை, நிலம் சாரம் இழப்பதற்குள் மூலிகைகளைப் பறித்து வைத்துவிடு என்கிறார். அப்போது அக்னிவேசன் மடக்குகிறான்: மனிதர்களுக்கு உடல்வாகு வேறு, உணவு வேறு, வயது வேறு, பலம் வேறு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே நோயில் எப்படிச் சாவார்கள்? தன் ஆசிரியரின் மருத்துவக் கொள்கையின் அடிமடியிலேயே கைவைக்கிற கேள்வி.

ஆத்ரேயர் சொன்ன பதில்: எல்லாருக்கும் பொதுவானவை நான்கு. காற்று, நீர், நிலம், காலம். இவை கெட்டால் உடல்வாகு வேறானவர்களும் சேர்ந்தே விழுவார்கள். பிறகு ஒவ்வொன்றும் கெட்டால் எப்படி இருக்கும் என்று வருணிக்கிறார். கெட்ட நிலத்துக்கு அவர் தரும் அடையாளங்களில் பாம்பு, விலங்கு, வெட்டுக்கிளி, ஈ, எலி, ஆந்தை இவற்றோடு, கவனியுங்கள், கொசுவும் இருக்கிறது. கொசு மிகுந்த நிலம் கெட்ட நிலம்.

கொசு காய்ச்சலுக்கு மிகப் பக்கத்தில் வந்தது இங்கேதான் என்பது என் கணக்கு. பெரியப்பாவுக்கு எதையாவது அனுப்பவேண்டும் என்றால் கல்பஸ்தானத்தை விட்டுவிட்டு இதை அனுப்புங்கள். ஆனாலும் கொசு இங்கே ஓர் அடையாளம் மட்டுமே, ஆந்தையைப்போல. ஆந்தை நோய் பரப்புகிறது என்று யாரும் வாதாடுவதில்லை அல்லவா?

அக்னிவேசன் விடவில்லை, அந்த நான்கும் ஏன் கெடுகின்றன என்று மேலும் கேட்கிறான். அங்கே ஆத்ரேயர் அதர்மத்துக்குப் போய்விடுகிறார். ஆள்பவர்கள் அறம் தவறினால் அது கீழே இறங்கி ஊரைக் கெடுக்கும், பருவம் தப்பும் என்கிறார். நான்கு பொதுக் காரணங்கள் வரை மருத்துவராகப் பேசியவர் அடுத்த படியில் அரசியல் பேசுகிறார். அதுவும் முழுக்கத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#16 கொங்குநாட்டான்

தமிழ்ப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர் திருச்செங்கோடு, தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் அடியார்களோடு இங்கே தங்கியிருந்தபோது, பனிக்காலத்தில் உடன் வந்தவர்களுக்குக் குளிர்சுரம் வந்தது. அவர் "அவ்வினைக்கு இவ்வினை" என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம் பாட, சுரம் நீங்கியது என்று பெரியபுராணம் சொல்கிறது. இன்றும் காய்ச்சல் வந்தால் இந்தப் பதிகம் பாடுகிற வீடுகள் உண்டு.

வெளியூரிலிருந்து வந்த கூட்டம், மலைகள் சூழ்ந்த நாடு, குளிரோடு காய்ச்சல். எனக்கு ஏழாம் நூற்றாண்டுக் கொங்கில் மலேரியா இருந்தது என்றுதான் தோன்றுகிறது. அங்கேயும் காரணமாகச் சொல்லப்படுவது வினைதான். "செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா" என்றுதான் முடிகிறது பாட்டு.

#17 லென்ஸ்

குளிர்காய்ச்சல் எல்லாம் மலேரியா இல்லை. பனிக்காலத்தில் கூட்டமாகத் தங்கியவர்களுக்கு இன்புளூயன்சா வந்திருக்கவும் இடமுண்டு. சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், 500 ஆண்டு கழித்து. அதை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது.

#18 பழைய ஸ்ப்ரேமேன்

தம்பி சொல்றது சரி. ஒருநாள் விட்டு ஒருநாள்னு பாட்டுல இருந்தா நானே மலேரியான்னு எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்தப் பதிகத்துலயே இன்னொரு வேடிக்கை. புண்ணிய காரியம்னு சோலை வைக்கிறதையும் "குளம்பல தொட்டும்"னு குளம் வெட்டுறதையும் சொல்லும். எங்க டிபார்ட்மென்ட்ல இருந்தவனுக்கு அதைப் படிச்சா கை தானா கொசுப்புழு பிடிக்கிற கரண்டியைத் தேடும். சென்னையில மொட்டைமாடித் தொட்டியிலயும் கிணத்துலயும் வளர்ற ஸ்டெபன்சி கொசுவோட நாங்க பட்ட பாடு அப்படி.

ஏட்டுச்சுவடி சார், மண்ணீரலைப் பத்தி ஏதாவது இருக்கா? அந்தக் காலத்துல ஊருக்குள்ள மலேரியா எவ்வளவுன்னு பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி குழந்தைங்க வயித்தைத்தான் தடவிப் பார்ப்பாங்க. இடப்பக்கம் விலாவுக்குக் கீழ கல்லு மாதிரி தட்டுப்பட்டா அந்த ஊருல மலேரியா வேரூன்றிடுச்சுன்னு அர்த்தம்.

#19 ஏட்டுச்சுவடி

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பிலீஹோதரம், மண்ணீரல் பெருத்த வயிறு. சரகர் உதர நோய் (வயிறு பெருக்கும் நோய்) அத்தியாயத்தில், இடப்பக்கம் முதலில் கல்லுருண்டைபோல் கெட்டியாகி, வளர வளர ஆமை வடிவில் கைக்குத் தட்டுப்படும் என்கிறார். சுஸ்ருதர் அந்த நோயாளிக்கு மெல்லிய காய்ச்சலும் பசிமந்தமும் இருக்கும், உடல் வெளுக்கும் என்று சேர்க்கிறார். நீங்கள் தடவிப் பார்த்த அதே வயிறுதான்.

ஆனால் பாருங்கள், இதுவும் வேறொரு அத்தியாயம். முறைக்காய்ச்சல் ஓரிடத்தில், மண்ணீரல் ஓரிடத்தில், கொசு ஓரிடத்தில், கெட்ட நிலம் ஓரிடத்தில். துண்டுகள் எல்லாம் ஒரே நூலக அலமாரியில் இருந்தன. வகைப்படுத்தும் முறையே அவற்றைப் பிரித்து வைத்துவிட்டது. கடி என்றால் விஷம், வீக்கம் என்றால் உதரம், சூடு என்றால் ஜ்வரம் என்று.

#20 மூலிகைத்தோட்டம்

சித்தத்திலும் சுரம் 64 என்று யூகி என்ற சித்தர் பிரித்திருக்கிறார், முறைச்சுரம் அதில் உண்டு. சரி, காரணம் தெரியாமல் இருந்திருக்கட்டும். மருந்து தெரிந்திருந்ததே! நிலவேம்பு, கழற்சிப் பருப்பும் மிளகும், ஏழிலைப்பாலைப் பட்டை. ஏழிலைப்பாலையும் கழற்சியும் சேர்த்துத்தானே அரசே ஆயுஷ்-64 மாத்திரை செய்தது?

#21 லென்ஸ்

செய்தது, சோதித்தும் பார்த்தார்கள். வைவாக்ஸ் நோயாளிகளிடம் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தோடு ஒப்பிட்டதில், குளோரோகுயின் எல்லாரையும் குணமாக்கியது, ஆயுஷ்-64 ஏறத்தாழப் பாதிப்பேரை. அந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டுவேன். மலேரியாவுக்கு அதை நம்பி இருக்கச் சொல்லாதீர்கள்.

#22 மட்டுறுத்துநர்

மருந்து பற்றிய விவாதம் சூடேறும் முன் தனி இழைக்குப் போகட்டும். யாருக்காவது இப்போது குளிர்காய்ச்சல் இருந்தால் இங்கே பதில் தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த இழை பழங்காலக் கருத்துகளுக்கு மட்டும்.

#23 வல்லைவெளி

அப்ப ஒரு கடைசிக் கேள்வி, தலைப்புக்குள்ளதான். புகை போடச் சொல்லியிருக்கிறார்களே, வேப்பிலை, குங்கிலியம் என்று. காரணம் தெரியாமலே நுளம்பை விரட்டியிருப்பார்களோ?

#24 ஏட்டுச்சுவடி

புகை உண்டு. சுஸ்ருதர் புண்பட்டவன் படுத்திருக்கும் அறையில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு சேர்த்துத் தினம் இருமுறை பத்து நாள் புகை போடச் சொல்கிறார். இரவில் திரியும் தீய சக்திகள் அண்டாமல் இருக்க. அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு ஆயுர்வேத நூலில் காய்ச்சலுக்கே ஒரு தூபம் இருக்கிறது: குக்குலு, வசம்பு, வேம்பு, எருக்கு, அகில், தேவதாரு என்று. நோயாளிக்குப் புகை காட்டுவது நோயைப் போக்க. கொசுவைப் பற்றி அங்கே பேச்சில்லை.

#25 பழைய ஸ்ப்ரேமேன்

புகையில கொசு கொஞ்ச நேரம் விலகும், அது வாஸ்தவம். ஆனா அவங்க புகை போட்டது ஏற்கெனவே காய்ச்சல்ல படுத்தவனுக்கு. ஒரு விதத்துல அதுவும் நல்லதுதான். அவன் ரத்தத்தைக் குடிச்ச கொசுதானே பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு அடுத்த வீட்டுக்காரனைக் கடிக்கப் போகுது. நாங்களும் காய்ச்சல்காரன் படுத்த வீட்டுலதான் முதல்ல மருந்தடிப்போம்.